7 பாகைக்கு இறங்குமா? கொழும்பு மொட்டைமாடியில் வான்படம் எடுக்கக் கனரக மவுண்ட்: முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் நின்று வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் தெரியாது. அது இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. தாங்கியைக் கழற்றி வைத்தாலும் பெரிதாகப் பயனில்லை. கொழும்பின் அகலாங்கு வடக்கு 6.9 பாகை, துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது 10 பாகை. அந்த முஷ்டிக்கும் கீழே, நகர வெளிச்சத்துக்கும் கடற்புகாருக்கும் நடுவில் அது கிடக்கிறது.

மவுண்ட் என்பது டெலஸ்கோப்பைத் தாங்கி, வானத்தோடு சேர்த்துத் திருப்பும் இயந்திரம். அதை வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை கிலோ தாங்கும் என்பது. கொழும்பில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அதன் அச்சு 7 பாகைச் சாய்வுக்கு இறங்குமா என்பது. நான் இதைப் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன், அந்தக் கதை கீழே வருகிறது.

மவுண்ட் செய்யும் வேலை என்ன

பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் எடுக்கிறது. அதனால் வானம் செக்கனுக்கு 15 ஆர்க் செக்கன் வேகத்தில் நகர்வதுபோல் தெரிகிறது. (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஆர்க் செக்கன்.) உங்கள் கமராவின் பிக்சல் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 206 ஆல் பெருக்கி, டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் வைத்து வகுத்தால், ஒரு பிக்சலில் எத்தனை ஆர்க் செக்கன் விழுகிறது என்று தெரியும். 3.76 மைக்ரோமீட்டர் பிக்சல், 480 மில்லிமீட்டர் குவியத் தூரம் என்றால் 1.6. அதாவது மவுண்ட் ஒரே ஒரு செக்கன் தூங்கிப்போனால் நட்சத்திரம் 9 பிக்சல் ஓடிவிடும். நாமோ 300 செக்கன் ஷட்டரைத் திறந்து வைக்கிறோம்.

ஈக்குவட்டோரியல் மவுண்ட்டின் ஆர்ஏ அச்சு, அதாவது வானத்தோடு கிழக்கிலிருந்து மேற்கே சுழலும் முக்கிய அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். லண்டனில் அது 51 பாகை சாய்ந்து நிற்கும். கொழும்பில் அம்மிமேல் குழவி கிடப்பதுபோல் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். வான் நடுக்கோடு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கற்பனைக் கோடு) நமக்கு ஏறத்தாழத் தலைக்குமேல் போகிறது. ஓரியன் போன்ற நம் செல்லப் பொருள்கள் எல்லாம் அதை ஒட்டியே இருப்பதால் முழு வேகத்தில் நகர்கின்றன, மவுண்ட்டின் பிழையும் குறையாமல் படத்தில் தெரியும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் அல்ட்-அஸிமத் மவுண்ட்டை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். உச்சியை நெருங்கும் பொருளில் படமே சுழன்று, ஓரத்து நட்சத்திரங்கள் வளைகோடாகிவிடும்.

படி 1: 7 பாகைச் சோதனை

ஒவ்வொரு மவுண்ட்டின் விவரத் தாளிலும் அகலாங்கு எல்லை என்று ஒரு வரி இருக்கும். செலஸ்ட்ரோன் சிஜிஇஎம் 2 க்கு அது 15 முதல் 70 பாகை, ஆகவே நமக்கு ஆகாது. அதே நிறுவனத்தின் அட்வான்ஸ்ட் விஎக்ஸ் 7 முதல் 77. கொழும்பு 6.9 என்பதால் நூலிழையில் நிற்கிறது, எனக்கு அந்தச் சூதாட்டம் பிடிக்காது. ஸ்கை-வாச்சர் ஈக்யூ6-ஆர் 5 பாகைக்கும் செலஸ்ட்ரோனின் சிஜிஎக்ஸ் 3 பாகைக்கும் இறங்கும். இவை இரண்டும் பாதுகாப்பானவை.

என் முதல் மவுண்ட் 12 பாகைக்குக் கீழே இறங்காத ஒரு பழைய இரண்டாம் கைப் பொருள். விலை மலிவு, வாங்கிவிட்டேன். மிச்சம் 5 பாகைக்கு முக்காலியின் வடக்குக் காலைக் குட்டையாக்கி, முழுவதையும் முன்னால் சாய்த்தேன். அச்சு படுத்திருக்கும்போது தலையின் எடை ஏற்கெனவே வடக்குப் பக்கம் தள்ளி நிற்கும். அதை இன்னும் சாய்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஒரு இரவு குழாயைத் திருப்பும்போது தெற்குக் கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. மார்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்தபடி, கீழே உறங்கும் தம்பியைக் கத்திக் கூப்பிட்டேன். மவுண்ட் தப்பியது, என் விலா எலும்பு ஒரு வாரம் வலித்தது.

எல்லை எண் சரியாக இருந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அச்சு படுத்திருக்கும்போது எதிர் எடைத் தண்டு (குழாயைச் சமன் செய்யும் எடைகளை மாட்டும் தண்டு) நேராகக் கீழே தொங்கும், சுழலும்போது முக்காலியின் வடக்குக் காலில் முட்டும். சில மவுண்ட்களில் திசை முனையை (பக்கத் திருகுகள் அழுத்தும் முளை) மாற்றிப் பொருத்தி, தண்டு இரண்டு கால்களுக்கு நடுவே விழும்படி செய்யலாம். அப்படிச் செய்தால் முன்பக்கம் கால் இல்லாமல் கவிழும் ஆபத்து கூடும். எனக்குப் பிடித்த வழி, தலைக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு நீட்டுக்குழாய் வைத்து உயர்த்திவிட்டு, வடக்கே கால் இருக்கும்படி விடுவது. விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "7 பாகையில் வைத்து, எடையெல்லாம் மாட்டி, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்." அந்த ஒரு படம் விவரத் தாள் முழுவதையும்விடப் பெறுமதியானது.

படி 2: கிலோக் கணக்கு

தாங்கும் எடை என்று அச்சிட்டிருப்பது கண்ணால் பார்ப்பதற்கான கணக்கு. படம் பிடிக்க அதில் பாதி, மிஞ்சிப்போனால் அறுபது வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈக்யூ6-ஆர் 20 கிலோ தாங்கும் என்றால் உங்கள் சுமை 10 முதல் 12 கிலோ. 8 அங்குல ஷ்மிட்-கேஸ்கிரெயின் (குட்டையான ஒரு டெலஸ்கோப் வகை) குழாய் மட்டும் 6 கிலோவை நெருங்கும். கமரா, கைட் ஸ்கோப் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டைத் திருத்த உதவும் சின்னக் குழாய்), ஃபோகஸர் மோட்டர், பனிச் சூடாக்கி, வயர்கள், மேல் தண்டவாளம் எல்லாம் சேர்ந்தால் 9 கிலோ வந்துவிடும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். மனக்கணக்கு எப்போதும் இரண்டு கிலோ குறைவாகவே வரும். எதிர் எடைகள் இந்தக் கணக்கில் சேராது.

நீளத்தையும் மறக்க வேண்டாம். ஒரே எடையுள்ள குட்டைக் குழாயும் நீளமான நியூட்டோனியன் டெலஸ்கோப்பும் ஒன்றல்ல. கடற்காற்றில் நியூட்டோனியன் பாய்மரம் மாதிரி.

இதற்கு மேலே சிஜிஎக்ஸ் 25 கிலோ, சிஜிஎக்ஸ்-எல் 34 கிலோ, ஈக்யூ8-ஆர் 50 கிலோ. பெரியதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் எங்கள் லிஃப்ட் கடைசி வீட்டுத் தளத்தோடு நின்றுவிடும், மொட்டைமாடிக்கு இரண்டு வளைவுப் படிக்கட்டு. ஈக்யூ6-ஆரின் தலை மட்டும் 17 கிலோவுக்கு மேல், முக்காலி 7.5, எதிர் எடைகள் 5 கிலோ வீதம் இரண்டு. மொத்தம் 35 கிலோ, டெலஸ்கோப் தனி. நிரந்தரமாக வைக்க இடமில்லாதவர் ஈக்யூ8 வாங்கினால், மூன்று மாதத்தில் அது வரவேற்பறை அலங்காரப் பொருளாகிவிடும்.

இங்கேதான் ஸ்ட்ரெயின்-வேவ் வகை மவுண்ட்கள் (வளையும் பற்சக்கரத்தால் இயங்குபவை) கைகொடுக்கின்றன. 2022 இல் வந்த இசட்டபிள்யூஓ ஏஎம்5 வெறும் 5 கிலோ. எதிர் எடை இல்லாமல் 13 கிலோவும், மாட்டினால் 20 கிலோவும் தாங்கும். படிக்கட்டு ஏறுபவருக்கு என் சிபாரிசு இந்த வகைதான். ஆனால் கைடிங் (நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டைத் தொடர்ந்து திருத்துவது) இல்லாமல் இவற்றால் நீண்ட நேரப் படம் எடுப்பது கடினம், அச்சு சுழலும்போது திரும்பத் திரும்ப வரும் பிழை அதிகம். எதிர் எடை இல்லாமல் பாவிக்கும்போது கவிழும் ஆபத்தும் நம் அகலாங்கில் கூடுதல். குழாய் 6 கிலோவைத் தாண்டினால் நான் ஒரு எடையை மாட்டிவிடுவேன்.

பழைய பாணியில் புழுப்பல் சக்கரம் உள்ள மவுண்ட் வாங்கினால், பெல்ட் மூலம் இயங்குவதைப் பாருங்கள். ஈக்யூ6-ஆரில் சக்கரத்துக்கு 180 பற்கள். ஒரு பல் கடக்க 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த 8 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வகைப் பிழை திரும்பி வரும். திரும்பி வரும் பிழையை மென்பொருள் கற்றுக்கொண்டு திருத்திவிடும்.

வெளிநாட்டிலிருந்து இறக்குவதானால், சுங்கத்தில் பொருளின் விலையோடு காப்புறுதியும் அனுப்புச் செலவும் சேர்த்துத்தான் பெறுமதி போடுவார்கள். 35 கிலோவுக்கு அனுப்புச் செலவு சின்னதல்ல, முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். எதிர் எடை என்பது துளையிட்ட ஓர் இரும்புத் துண்டு. பஞ்சிகாவத்தைப் பக்கம் லேத் பட்டறையில் தண்டின் விட்டத்தைக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். அதைக் கப்பலில் இறக்குவது வீண்.

படி 3: நிற்கும் இடம்

கொங்கிரீட் தளம் அசையாது என்று நினைப்போம். அசையும். தளத்தின் நடுப்பகுதி தோல் மேளம் மாதிரி. தூணுக்கு நேர் மேலே, அல்லது பீம் ஓடும் கோட்டில் முக்காலியை வையுங்கள். என் கைடிங் வரைபடத்தில் மூன்று பேரின் கையெழுத்து தெரியும். லிஃப்ட் மோட்டர் ஒரு குட்டி முள், தண்ணீர் மோட்டர் தொடர்ந்து ஒரு நடுக்கம், கரையோரப் பாதையில் போகும் ரயில் ஒரு நீண்ட அலை. கடைசி ரயில் போனபிறகு வரைபடம் தூங்கும் குழந்தையின் மூச்சு மாதிரி ஆகிவிடும். முக்காலிக் கால்களை முடிந்தவரை குட்டையாக வைத்து, அடியில் ரப்பர் தட்டுப் போட்டு, கைப்பிடிச் சுவரைக் காற்றுக்கு மறைப்பாகப் பாவியுங்கள்.

நிர்வாகக் குழுவிடமும் காவலாளியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். இரவு ஒரு மணிக்குச் சிவப்பு விளக்கோடு மொட்டைமாடியில் குழாய் வைத்து நிற்பவரைக் கொழும்பில் யாரும் நட்சத்திரம் பார்ப்பவர் என்று முதலில் நினைக்கமாட்டார்கள். பச்சை லேசர் வேண்டவே வேண்டாம், இரத்மலானை விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது.

படி 4: கரண்ட்

மவுண்ட், குளிரூட்டும் கமரா, சூடாக்கி, சின்னக் கணினி எல்லாம் சேர்ந்து 12 வோல்டில் 5 முதல் 6 அம்பியர் இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு 36 அம்பியர்-மணி. 50 அம்பியர்-மணி லித்தியம் அயன் பொஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். 230 வோல்ட் வயரை மேலே இழுத்தால் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பாகவே இருக்கட்டும், பனி ஈரத்தில் வெறும் எக்ஸ்டென்ஷன் வயர் ஆபத்து. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அன்றிரவு வெள்ளவத்தைக்கு மேலே நான் பார்த்திராத வானம் திறந்தது. என் பேட்டரியில் சார்ஜ் இல்லை.

படி 5: ஏற்றுவதும் சமன் செய்வதும்

வரிசை முக்கியம். முக்காலி, தலை, எதிர் எடை, கடைசியில் குழாய். கழற்றும்போது தலைகீழ்: குழாய் முதலில் இறங்க வேண்டும். எதிர் எடைத் தண்டின் நுனியிலுள்ள பாதுகாப்புத் திருகை ஒருபோதும் மறக்காதீர்கள், அது உங்கள் கால் விரலுக்கான காப்புறுதி.

கமரா, சூடாக்கி, வயர், மூடி கழற்றிய நிலை என்று எல்லாம் பொருத்தி, ஃபோகஸ் செய்த பிறகே சமன் பாருங்கள். தண்டைக் கிடையாக வைத்து ஆர்ஏ பூட்டைத் தளர்த்துங்கள். கையை எடுத்தால் எங்கும் ஓடக்கூடாது. பிறகு குழாயைக் கிடையாக வைத்து டெக் அச்சு (குழாயை வடக்கு-தெற்காகத் திருப்பும் இரண்டாவது அச்சு). புழுப்பல் மவுண்ட்டில் கிழக்குப் பக்கம் ஒரு துளி கனம் வைத்தால் பற்கள் ஒரே பக்கம் அழுந்தி, துள்ளல் குறையும். ஒரு துளி என்றால் எடையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும் அளவு, அதற்கு மேல் வேண்டாம்.

படி 6: இடமும் நேரமும்

அகலாங்கு வடக்கு 6 பாகை 56, நெட்டாங்கு கிழக்கு 79 பாகை 52, நேர வலயம் கூட்டல் 5:30, கோடை நேரம் இல்லை. இதில் என்ன பிழை விடலாம் என்று கேட்பீர்கள். பல கைக்கருவிகளில் திகதியை மாதம், நாள், ஆண்டு என்ற ஒழுங்கில் கேட்கும். பெப்ரவரி 3 ஐ நம் பழக்கத்தில் 03/02 என்று அடித்தேன், கருவி அதை மார்ச் 2 என்று எடுத்துக்கொண்டது. ஓரியனுக்குப் போ என்றேன், குழாய் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வானத்தைத் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது. அரை இரவு மோட்டரில் கோளாறு என்று தேடினேன்.

படி 7: துருவத்தைப் பார்க்காமல் துருவ ஒழுங்கு

துருவ ஒழுங்கு என்பது ஆர்ஏ அச்சை வான் துருவத்துக்கு நேராக வைப்பது. கொழும்பில் ஆட்டத்தை வெல்வதும் தோற்பதும் இங்கேதான். மவுண்ட்டோடு வரும் துருவக் கண்ணாடி (துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்யும் குட்டித் தொலைநோக்கி) நமக்குப் பெரும்பாலும் அலங்காரம். துருவ நட்சத்திரம் தெரிந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 7 பாகை உயரத்தில் வளிமண்டலம் ஒளியை வளைத்து, துருவத்தை உண்மையான இடத்தைவிடச் சுமார் 7 ஆர்க் நிமிடம் (ஒரு ஆர்க் நிமிடம் 60 ஆர்க் செக்கன்) உயர்த்திக் காட்டும். அதை நம்பி அச்சை வைத்தால், கிழக்கிலோ மேற்கிலோ நிற்கும் நட்சத்திரம் 5 நிமிடத்தில் ஏறத்தாழ 9 ஆர்க் செக்கன் விலகும். முன்பு சொன்ன கமராவில் அது 5 பிக்சலுக்கு மேல்.

ஆகவே முதலில் தோராயமாக வடக்கைப் பிடியுங்கள். கைபேசித் திசைகாட்டியைக் கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள் குழப்பும். கட்டட மதில் எந்தத் திசையில் ஓடுகிறது என்று செய்மதி வரைபடத்தில் ஒருமுறை பார்த்து, தரையில் சுண்ணக்கட்டியால் வடக்குக் கோடு கீறிவிடுங்கள். என் கோட்டைக் காவலாளி ஐயா ஒருமுறை கழுவிவிட்டார், இப்போது பெயிண்ட். உயரத்துக்கு, ஆர்ஏ உடலின்மேல் கைபேசியை வைத்து 7 பாகை பாருங்கள்.

அப்புறம் மென்பொருள். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளித் துருவ ஒழுங்கு என்று ஒரு செருகி உண்டு. துருவம் தெரியவே வேண்டாம். உச்சியைத் தவிர்த்து, திறந்திருக்கும் பக்கத்தில் குழாயை வைத்துவிட்டால், ஆர்ஏ அச்சில் மூன்று இடங்களுக்குத் திருப்பிப் படம் எடுத்து, நட்சத்திரங்களின் அமைப்பைக் கொண்டு இடம் கண்டுபிடித்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குச் சொல்லும். உயரத் திருகையும் பக்கத் திருகையும் மெதுவாகத் திருப்பினால் எண் கண்முன்னே குறையும். உயரத்தின் கடைசி அசைவு எப்போதும் மேல்நோக்கி இருக்கட்டும். கீழே இறக்கி நிறுத்தினால், எடை இரவு முழுதும் அதை இன்னும் கீழே தள்ளும். ஒரு ஆர்க் நிமிடத்துக்குள் வந்தால் போதும், 10 ஆர்க் செக்கனைத் துரத்தி இரவை வீணாக்க வேண்டாம். திருகை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

கணினி இல்லாதவருக்குப் பழைய விலகல் முறை இருக்கிறது. உச்சிக்கோட்டை (வடக்கிலிருந்து தலைக்குமேலாகத் தெற்கே போகும் கற்பனைக் கோடு) ஒட்டி, வான் நடுக்கோட்டருகே ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். அது தெற்கே விலகினால் அச்சு கிழக்கே கூடிவிட்டது, வடக்கே விலகினால் மேற்கே. பிறகு கிழக்கில் தாழ்ந்த ஒரு நட்சத்திரம். தெற்கே விலகினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே விலகினால் உயர்ந்திருக்கிறது.

படி 8: கைடிங்

பிஎச்டி2 மென்பொருள், 50 அல்லது 60 மில்லிமீட்டர் கைட் ஸ்கோப், சின்ன மோனோ கமரா. குவியத் தூரம் 1,000 மில்லிமீட்டரைத் தாண்டினால் தனிக் குழாயைவிட ஓஃப்-அக்சிஸ் கைடர் (முதன்மைக் குழாயின் ஒளியிலேயே ஒரு பங்கை எடுத்துக் கைடிங் செய்வது) நல்லது. மென்பொருள் மவுண்ட்டின் அசைவைக் கற்றுக்கொள்ளும் அளவீட்டை வான் நடுக்கோட்டருகே, உச்சிக்கோட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிச் செய்யுங்கள். புழுப்பல் மவுண்ட்டுக்குக் கைட் எக்ஸ்போஷர் 2 செக்கன், ஸ்ட்ரெயின்-வேவுக்கு 1 அல்லது அதற்கும் குறைவு.

மொத்த ஆர்எம்எஸ் (கைடிங் பிழையின் ஒருவகைச் சராசரி) உங்கள் பிக்சல் அளவுக்குக் கீழே இருந்தால் நட்சத்திரம் வட்டமாக வரும். 1.6 ஆர்க் செக்கன் பிக்சலுக்கு 0.9 ஆர்எம்எஸ் தாராளம். ஆர்ஏயும் டெக்கும் ஏறத்தாழச் சமமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் பெரிதானால் நட்சத்திரம் முட்டையாகும். டெக் ஒரே பக்கம் ஓடினால் துருவ ஒழுங்கைப் பாருங்கள், பக்கம் மாற்றும்போது தயங்கினால் பல்லிடை துள்ளல், இரண்டும் சேர்ந்து குதித்தால் காற்று அல்லது தொங்கும் வயர். கோளாறுகளில் பாதி தொங்கும் வயர்தான். எல்லா வயரையும் ஒரே கட்டாகக் கட்டி, மவுண்ட்டின் நடுவிலிருந்து இறக்குங்கள்.

நகர வெளிச்சத்தில் சாதாரண வண்ணப் படங்களுக்கு 30 முதல் 60 செக்கன் போதும், அதற்கு மேல் வானமே வெளுத்துவிடும். ஹைட்ரஜன்-ஒட்சிசன் இரட்டைப் பட்டை வடிகட்டி போட்டால் 180 முதல் 300 செக்கன் வரை போகலாம். கனரக மவுண்ட்டுக்குக் கொடுத்த காசு அங்கேதான் வேலை செய்கிறது.

படி 9: உச்சியைக் கடக்கும்போது

நம் பொருள்கள் பல உச்சியருகே கடக்கின்றன. அந்த நேரம் குழாய் செங்குத்தாக நிற்கும், பின்னால் கமரா முக்காலிக் காலை நெருங்கும். முதல் முறை பகலில், கையால் திருப்பிப் பார்த்து எங்கே முட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, மென்பொருளில் அந்த எல்லையைப் போட்டுவிடுங்கள். உச்சிக்கோட்டைக் கடந்ததும் மவுண்ட் மறுபக்கம் புரளும், அந்த முதல் புரளலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒருநாள் கீழ்வீட்டு அன்ரி மேலே வந்து, "தம்பி, இது தானாத் திரும்புதே, ஆரும் உள்ள இருக்கினமா?" என்று கேட்டது அந்த நேரத்தில்தான்.

படி 10: உப்பும் பனியும்

சூடாக்கியைப் பனி வந்தபின் அல்ல, தொடக்கத்திலேயே போடுங்கள். முடிந்ததும் மவுண்ட்டை மெல்லிய துணியால் துடைத்து, வெளியே தெரியும் இரும்புத் திருகுகளில் ஒரு துளி எண்ணெய். ஈரத்தோடு பெட்டியில் பூட்டினால் இரண்டு மாதத்தில் துரு, கண்ணாடியில் பூஞ்சை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல், அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். பருவமழை மாதங்களில் வெளியே எடுக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை மோட்டரை ஓடவிடுங்கள்.

கொழும்பில் தெளிவான இரவுகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. முதல் இலக்காக நான் சொல்வது ஓரியன் நெபுலா. மவுண்ட் பழகியபிறகு, மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டித் தெற்கே திருப்புங்கள். கரீனா நெபுலா அடிவானிலிருந்து 23 பாகை உயரத்தில், தெஹிவளை வெளிச்சத்துக்கு மேலே கடக்கும். லண்டனில் இருப்பவருக்கு அது உதிப்பதே இல்லை. இரட்டைப் பட்டை வடிகட்டியைப் போட்டு, 180 செக்கன் வீதம் 40 படம் எடுங்கள். கடைசி ரயில் போகும்வரை மட்டும் பொறுத்திருங்கள்.